அடிமைத்தனத்துக்கு அரசுகள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பினாங்கில் அடிக்கடி எழும் கேள்விகள்

ஜார்ஜ் டவுனில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிமை வணிக வரலாற்றை எடுத்துக்கொண்டோம். படிவம் ஐந்து மாணவர்கள் முதல் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணிமார் வரை வந்தார்கள். கூட்டங்கள் முடிந்த பிறகும் அதே கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நடுநிலையாளர் வேஷம் எனக்குப் பொருந்தாது. அரசுகள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எதற்கு, யாரிடம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொத்தாம்பொதுவாக வருத்தப்பட்டால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது ஆப்பிரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையிலான கணக்கு. பினாங்குத் தமிழருக்கு இதில் என்ன?

அட்லாண்டிக்கைத் தாண்டி ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். உலகப் பேச்சு அதைச் சுற்றியே இருப்பது நியாயம்தான். ஆனால் வங்காள விரிகுடாவிலும் ஆட்களை விற்றார்கள், வாங்கினார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது. 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தது. அடுத்த ஆண்டு பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாட, கூடவே பஞ்சமும் வந்தது. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள்; மிச்சப் பேர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும். ரப்பர் மரம் இந்த மண்ணைப் பார்ப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் அடிமைகள் மலாக்காவில் இறங்கிவிட்டார்கள்.

பினாங்கும் விலக்கு இல்லை. 1786இல் இங்கே கொடியேற்றிய பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய உயிலில் வீடு, மிளகுத் தோட்டத்தோடு அடிமைகளும் சொத்தாக வருகிறார்கள். பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியபோது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. பினாங்கு அப்போது கம்பெனியின் கையில். கம்பெனிப் பகுதிகளுக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் ஒருவர் இன்னொருவருக்கு அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றதோடு சரி. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. '1833இல் பிரிட்டன் அடிமைத்தனத்தை ஒழித்தது' என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அந்த வரியில் நாம் இல்லை.

சஞ்சிக்கூலியாக (ஒப்பந்தக் கூலியாக) வந்தவர்களும் அடிமைகள்தானே?

இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. என் பதில்: அடிமைகள் இல்லை. ஆனால் அடிமை முறை நின்ற இடத்தில் தொடங்கிய முறை அது.

ஜான் கிளாட்ஸ்டன் என்ற முதலாளியைப் பாருங்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. கயானாவிலும் ஜமைக்காவிலும் கரும்புத் தோட்டங்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளும் வைத்திருந்தவர். ஒழிப்புச் சட்டம் வந்தபோது அடிமைகளை இழந்ததற்காக அவருக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்து அவர் செய்த வேலை, கல்கத்தாவிலிருந்து ஆள் தருவிக்கக் கடிதம் எழுதியது. 1838 மே மாதம் இரண்டு கப்பல்களில் கயானா போய் இறங்கிய இந்தியக் கூலிகளுடன்தான் கரீபியனில் ஒப்பந்தக் கூலி முறை தொடங்குகிறது. 2023இல் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அடிமைத்தனத்தோடு ஒப்பந்தக் கூலி முறையையும் சேர்த்தே கேட்டார்கள்.

நம் கதையும் அதன் கிளைதான். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் வந்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சஞ்சிக்கூலிகள். பயணச் செலவு கடனாகத் தலையில் ஏறும். கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போக முடியாது. ஓடினால் அது சிவில் வழக்கு இல்லை, சிறைக்குப் போகும் குற்றம். மலாயாவில் இந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கூடவே நடந்துவந்த கங்காணி முறை தொடர்ந்தது: ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருபவரும் தமிழர், வேலைக்கு இறங்கும் தலை ஒவ்வொன்றுக்கும் தலைக்காசு வாங்குபவரும் தமிழர். 1938இல் இந்திய அரசு தடை போட்டபோதுதான் இந்த ஆள் சேர்ப்பு நின்றது.

அப்புறம், இதையெல்லாம் அடிமைத்தனம் என்று சொல்வதில் என்ன தப்பு? அடிமையின் குழந்தை பிறக்கும்போதே அடிமை; முதலாளி அந்தக் குழந்தையைத் தனியாக விற்கலாம். சஞ்சிக்கூலியின் பிள்ளையை எந்தத் துரையும் விற்கவில்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் ஆப்பிரிக்கர்களின் இழப்பைச் சிறிதாக்குகிறோம். நம் மூதாதையர் மீது இழைக்கப்பட்ட குற்றத்துக்குத் தனிப் பெயர் இல்லாமல் செய்கிறோம். கைதிகளும் வேறு கணக்கு. 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைக் கம்பெனி இந்தப் பினாங்குக்கு நாடுகடத்தியது. அது அரசியல் தண்டனை. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆவணம், வேறு பொறுப்பாளி. மன்னிப்பும் அப்படிப் பிரித்துத்தான் வர வேண்டும்.

இதுவரை எந்த நாடாவது கேட்டிருக்கிறதா?

ஓரளவு ஒழுங்காகக் கேட்டது நெதர்லாந்து. 2022 டிசம்பர் 19 அன்று பிரதமர் மார்க் ருட்டே தி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் நின்று, டச்சு அரசு செய்ததற்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார். ருட்டேயின் உரையில் நான் கவனித்தது ஆசியா பற்றிய பகுதி. டச்சுக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குள் ஆசியாவில் விற்கப்பட்டவர்கள் ஆறரை லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்தையும் தாண்டியிருக்கலாம் என்றார். நாகப்பட்டினத்திலிருந்து போனவர்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். அந்தச் செய்தி இங்கே நம் வீடுகளில் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அமெரிக்காவில் கீழவை 2008இலும் மேலவை 2009இலும் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டன. மேலவைத் தீர்மானத்தின் கடைசியில், இதை வைத்து யாரும் அமெரிக்க அரசிடம் இழப்பீடு கோர முடியாது என்று ஒரு வரி. பிரான்ஸ் 2001இல் அடிமை வணிகத்தையும் அடிமைத்தனத்தையும் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சட்டமே இயற்றியது. ஆப்பிரிக்கர்களோடு இந்தியர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக அந்தச் சட்டம் பெயர் சொல்கிறது. புதுச்சேரியிலிருந்து மொரீஷியஸுக்கு அடிமைகளை அனுப்பிய நாடு அல்லவா? ஆனால் அது குற்றம் என்ற அங்கீகாரம்தான், மன்னிப்பு இல்லை.

பிரிட்டன்? 2006இல் டோனி பிளேர் ஆழ்ந்த துயரம் என்றார். 2007இல் ஒரு செய்தியாளர் கேள்விக்குப் பதிலாக 'ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், மறுபடியும் கேட்கிறேன்' என்கிற தொனியில் சொல்லிவிட்டுப் போனார். நாடாளுமன்றத்தின் பெயராலோ மன்னரின் பெயராலோ முறையான மன்னிப்பு வரவில்லை. 2024இல் சமோவாவில் கூடிய காமன்வெல்த் மாநாட்டுக்குப் போகும்போதே, மன்னிப்பும் இழப்பீடும் பேச்சில் இல்லை என்று பிரிட்டிஷ் தரப்பு சொல்லிவிட்டது. மாநாட்டின் கூட்டறிக்கையில் மட்டும் இழப்பீட்டு நீதி பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது என்று ஒரு வரியை மற்ற நாடுகள் வற்புறுத்திச் சேர்க்க வைத்தன.

துயரம் தெரிவிப்பதும் மன்னிப்புக் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதானே?

இல்லை. துயரம் யாருக்கும் வரலாம். செய்தது நான் என்ற ஒப்புதல் அதில் இல்லை. 2019இல் ஜாலியன்வாலாபாக் நூற்றாண்டின்போது தெரசா மே ஆழ்ந்த வருத்தம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுக்கும் வாக்கியங்கள் இவை.

செய்தவனும் உயிரோடு இல்லை, பட்டவனும் இல்லை. பேரன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பேரனைக் கேட்கச் சொல்லவில்லை. லண்டனில் டாக்சி ஓட்டுபவரும் ஆம்ஸ்டர்டாமில் ரொட்டி சுடுபவரும் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. கேட்க வேண்டியது அரசு. அரசுக்குச் சாவு இல்லை. 1824இல் லண்டனில் கையெழுத்தான ஆங்கிலோ-டச்சு ஒப்பந்தம் போட்ட எல்லைக் கோடுதான் இன்று மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய கையெழுத்து எல்லைக்குச் செல்லும், குற்றத்துக்குச் செல்லாது என்றால் எப்படி?

இதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பலமான சான்று ஒரு கடன். அடிமை ஒழிப்பின்போது பிரிட்டன் 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. யாருக்குக் கொடுத்தது? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 லட்சம் பேருக்கு ஒரு காசு இல்லை. மாறாக, 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அடைக்கப்பட்டது 2015இல். எழுத்துப் பிழை இல்லை, 2015தான். அறுபது எழுபதுகளில் மலேசியாவிலிருந்து தாதிப் பயிற்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் கட்டிய வருமான வரியும் அடிமை முதலாளிகளுக்குக் கொடுத்த பணத்தின் கடனை அடைத்திருக்கிறது. முதலாளிக்கான கடனை 180 ஆண்டுகள் நினைவில் வைத்திருந்த கஜானாவுக்கு அடிமைக்கான பொறுப்பு மட்டும் மறந்துபோகுமா?

நம் மரபிலும் இந்தத் தர்க்கம் புதிதில்லை. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு ஆள்' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மூல ஓலை வருகிறது. பாட்டனின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாட்டன் கைச்சாத்து பேரனைக் கட்டும் என்று தீர்ப்பாகிறது. வந்தவர் சிவபெருமான் என்பது பிறகு தெரிவது. அது அடிமை ஓலை என்பது எனக்கு நெருடல்தான். ஆனால் ஆவணம் இருந்தால் தலைமுறை தாண்டியும் பொறுப்பு வரும் என்பதை அந்த அவை விசித்திரமாக நினைக்கவில்லை, கதையைக் கேட்ட எந்தத் தலைமுறையும் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் அது சட்டப்படி சரிதானே? இன்றைய கண்ணால் பார்க்கலாமா?

யாருடைய சட்டப்படி? கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவரைக் கேட்டுச் சட்டம் போடவில்லை. ஹைட்டியில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் தனி நாடே அமைத்தார்கள். குவேக்கர் சமயத்தார் 1783இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். தப்பு என்று தெரிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். தெரிந்தும் லாபம் பெரிதாகப் பட்டது.

ஆப்பிரிக்க அரசர்களும்தானே விற்றார்கள்?

விற்றார்கள். அதற்காக பெனின் நாட்டின் அதிபர் கெரெக்கூ 1999இல் அமெரிக்கா போய்க் கறுப்பினத்தவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். வாங்கியவர்களுக்கு முன்னால் விற்றவர்களின் நாடு கேட்டுவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு அந்தப் பாதி தெரிவதில்லை.

மன்னிப்புக் கேட்டால் அடுத்து பணம் கேட்பார்கள். அதனால்தானே தயங்குகிறார்கள்?

ஆமாம், அதனால்தான். அமெரிக்க மேலவையின் கடைசி வரியே சாட்சி. பணம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பேன். பணம் கைமாறத்தான் செய்தது, தலைகீழாக. சுதந்திரத்தைப் போராடிப் பெற்ற ஹைட்டியிடம், 'எங்கள் சொத்து போச்சு' என்று பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு 9 கோடியாகக் குறைத்தது. அதற்காக ஹைட்டி வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை இழுத்தது.

நம் ஊரிலும் இந்தக் கோரிக்கை எழுந்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பு லண்டனில் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டது: மலாயாவுக்குக் கூலிகளாகக் கொண்டுவந்தீர்கள், 1957இல் பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டுப் போனீர்கள், இழப்பீடு கொடுங்கள். கேட்ட தொகை 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர். அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் மகாராணிக்கு மனுக் கொடுக்கத் திரண்ட பல்லாயிரம் பேர் கண்ணீர்ப் புகையும் ரசாயன நீரும் வாங்கியதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வழக்கு வெல்லவில்லை. அந்தத் தொகை தப்பு என்பது என் எண்ணம். யாராலும் கொடுக்க முடியாத எண்ணைச் சொன்னால் எதிராளிக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும் வசதி கிடைக்கிறது. இந்தத் தோட்டத்தில் இந்த ஆண்டுகளில் இத்தனை பேர், அவர்களின் பெயர்ப் பட்டியல் இது என்று போயிருக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த கென்யாவின் மாவ் மாவ் இயக்கத்துக் கைதிகள் அப்படிப் போனார்கள். 2013இல் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுன் கொடுத்து பிரிட்டன் இணங்கிப் போனது. அவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பது பெரிய வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் பத்தாங் காலி இருக்கிறது: 1948 டிசம்பரில் சிலாங்கூரில் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்ற 24 கிராமவாசிகள். குடும்பத்தினர் வழக்குப் போட்டு விசாரணை கேட்டார்கள். 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதையும் மறுத்தது.

தமிழர்களிடம் அடிமைகள் இருந்ததில்லையா?

இருந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் படிவம் நான்கு மாணவி. மண்டபம் கொஞ்ச நேரம் நெளிந்தது.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஆள் விற்பனை சாதாரணமாக வருகிறது. 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றிருக்கிறார். டச்சுக்காரன் நாகப்பட்டினத்தில் கடை விரித்தபோது ஆளை விற்கும் வழக்கத்தை அவன் கற்றுக் கொடுக்கவில்லை. கப்பலைக் கொண்டுவந்தான், அவ்வளவுதான். தஞ்சையில் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பள்ளர், பறையர் குடும்பங்கள் 1843 சட்டத்துக்குப் பிறகும் பண்ணையாட்களாகவே இருந்தார்கள். அதே காவிரிப் பகுதியில் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டது 1968இல். இந்தியா கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது 1976இல்.

மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் பண்ணையார் வீட்டு வாசலிலிருந்து தப்பி வந்தவர்கள். ஒருவருக்குத் தோட்டம் சிறை, இன்னொருவருக்கு அதே தோட்டம் விடுதலை. இங்கே வந்தும் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சாதிவாரியாகப் பிரித்துப் போட்ட தோட்டங்கள் இருந்தன. அந்தப் பிரிப்பில் துரைக்கு ஒத்தாசை செய்தவர்கள் நம் கங்காணிகள். பிரிட்டனிடம் கேட்கும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்துக் கேட்டால் கேள்வியின் பலம் போய்விடும். தமிழருக்கு இன்று ஒற்றை அரசு இல்லை, ஆகவே யார் கேட்பது என்று சமாளிக்கலாம். கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் இருக்கின்றனவே.

மலேசியா யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறதா?

என் பார்வையில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியிடம். 19ஆம் நூற்றாண்டு வரை காட்டுக்குள் புகுந்து அவர்களின் குழந்தைகளைப் பிடித்து அடிமைகளாக விற்றிருக்கிறார்கள். பேராக்கில் கடனுக்காகக் குடும்பத்தோடு தலைவர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த மலாய்க்காரர்களும் இருந்தார்கள். 1875இல் பாசிர் சாலாக்கில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகர்) பர்ச் கொல்லப்பட்டதற்கான காரணங்களில் கடனடிமை விவகாரத்தில் அவர் தலையிட்டதும் ஒன்று. பேராக்கில் அடிமை முறை 1883இன் முடிவில்தான் ஒழிந்தது. இதை எழுதினால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்று சிலர் கோபிக்கிறார்கள். அதே வெள்ளைக்காரன் பக்கத்துத் தோட்டங்களில் சஞ்சிக்கூலியை வைத்துக்கொண்டே பேராக்கில் ஒழித்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சயாம் மரண ரயிலுக்கு ஜப்பான் மன்னிப்புக் கேட்டதா?

நம் வீடுகளில் அடிமைத்தனம் என்றதும் உண்மையில் நினைவுக்கு வருவது இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதை: 1942-43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி. அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். சினிமா காட்டுகிறோம், கூலி தருகிறோம் என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றிய கதைகள் கெடாவிலும் பேராக்கிலும் இன்னும் புழங்குகின்றன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரும் படையணியும் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. தமிழர்கள் செத்தது பெயர்ப் பட்டியல்கூட இல்லாமல்.

1995 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் முராயாமா ஆசிய மக்களிடம் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். நல்ல உரைதான், ஆனால் ரயில் பாதை அதில் இல்லை. அதற்கு முன் 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன: 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்குப் பொருளாக ஜப்பான் கொடுக்கும், போர்க்காலக் கணக்கு அதோடு முடிந்தது. அந்தப் பொருள் இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. கப்பல் தேசியக் கப்பல் நிறுவனத்துக்குப் போனது. கணவனைத் தொலைத்த தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு வெள்ளியும் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஜப்பான் மீது இருக்கும் கோபத்தில் பாதி, நம் பெயரால் கையெழுத்துப் போட்டு முடித்த நம் அரசின் மீதும் உண்டு.

இன்றைக்கும் அடிமைத்தனம் இருக்கும்போது பழையதை ஏன் கிளற வேண்டும்?

இரண்டும் ஒரே ஆவணத்தின் இரண்டு பக்கம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருபவர்கள் ஏஜென்டுக்குக் கட்டிய கடனோடு இறங்குகிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில். கடன் தீரும்வரை வேலையை விட முடியாது. சஞ்சி முறை வேறு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? மலேசியா 2007இல் ஆள் கடத்தலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு உடன்பாட்டை 2022இல் ஏற்றது. சட்டம் இருக்கிறது. நம் சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டிலும் முடிதிருத்தும் கடைகளின் மாடியிலும் அது எட்டிப் பார்க்கிறதா என்று கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனிடம் மனு நீட்டும் கையால் இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் லைட் சிலையை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். உயிலில் அடிமைகளும் உண்டு என்று கீழே ஒரு பலகை வைத்தால் போதும், தமிழிலும் சேர்த்து.

சரி, கேட்டால் நாம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. டச்சுப் பிரதமர் தேர்ந்தெடுத்த தேதியையே, முன்பு டச்சு ஆட்சியில் இருந்த சுரினாமின் வம்சாவளியினர் பலர் ஏற்கவில்லை. தங்கள் விடுதலை நாளான ஜூலை 1 அன்று, தங்களைக் கலந்துகொண்டு கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அரசின் மீது வழக்கே தொடுத்தும் அந்தத் தேதியைத் தடுக்கப் பார்த்தார்கள். நெதர்லாந்து ஒதுக்கிய 20 கோடி யூரோ விழிப்புணர்வுக்கு மட்டும்தான் என்பதிலும் அவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. கேட்கும் விதம், நாள், இடம், கூடவே என்ன தருகிறார்கள் என்று எல்லாவற்றையும் பேரம் பேசலாம். என்னைக் கேட்டால் பிரிட்டனிடமிருந்து முதலில் கேட்க வேண்டியது மலாயாத் தோட்டங்கள் பற்றிய குடியேற்ற ஆவணங்களை, கப்பல் பட்டியல்களை, இறப்புப் பதிவுகளைப் படம் பிடித்து யாரும் இலவசமாகத் தேடும்படி இணையத்தில் போடுவது. பணத்தைவிட மலிவு, ஆனால் அவர்களால் இல்லையென்று சொல்ல முடியாதது.

என் தாத்தா எப்படி வந்தார் என்று தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

வீட்டில் தொடங்குங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை விண்ணப்பம், தோட்டத்தில் கொடுத்த தகர வில்லை, கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டிருந்தால் தோட்டத்துக் கோயிலின் திருவிழாக் கணக்கு நோட்டில் உபயகாரர் பெயர்கள் இருக்கலாம். அடுத்து கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகள். சொந்த ஊரின் பெயரைப் பெரியவர்கள் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்து ஊர், குலதெய்வக் கோயில் பெயரையும் சேர்த்து. கப்பல் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரே ஊர் நான்கு விதமாக வரும்.